கப்பிக்கும் தகட்டுக்கும் இடையே

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் ‘டைப் 2’ என்னும் வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வேனின் இயந்திரம் 25 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. மேட்டுப்பாதையில் ஏற அது திணறும். ஆகவே, பழைய வேனைப் புதுப்பிப்போர் சிலர், பின்னாளில் வந்த 1600 சி.சி. இயந்திரத்தை அதில் பொருத்துகின்றனர். அதன் திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பொருத்தி முடித்து ஓட்டிப் பார்க்கும்போது, சில வேளைகளில் பின்புறத்திலிருந்து ‘கரகர’வென ஓசை எழும். இயந்திரத்தின் கப்பி, அருகிலுள்ள தகட்டில் உரசுவதே அதற்குக் காரணம்.

சிறு உரசல்தானே என்று இதனை விட்டுவிடலாமா? கூடாது. இவ்வேனின் இயந்திரம் நீரால் அன்றிக் காற்றால் குளிர்விக்கப்படுகிறது. கீழே உள்ள கப்பி, பெல்ட் மூலம் மேலே உள்ள கப்பியைச் சுழற்றுகிறது. மேல் கப்பி இருக்கும் அதே தண்டில்தான் மின்னாக்கியும் விசிறியும் இயங்குகின்றன. உரசலால் பெல்ட் தேய்ந்து அறுந்தால் விசிறி நின்றுவிடும். அதன் பிறகும் வேனை ஓட்டினால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதடையும்.

உரசல் ஏன் ஏற்படுகிறது? தகடு ஓர் ஆண்டின் வேனுக்கும், கப்பி வேறோர் ஆண்டின் இயந்திரத்திற்கும் உரியவையாக இருக்கலாம். இயந்திரத்தைத் தாங்கும் இரப்பர்கள் நைந்து, அது சற்றுத் தாழ்ந்திருக்கவும் கூடும். மேலும், வேகத்தைக் கூட்டும்போது இயந்திரம் தன் இடத்திலேயே சிறிது அசையும். நிற்கும்போது தெரியும் இடைவெளி, ஓடும்போது இல்லாமல் போகலாம்.

இடைவெளியை அளக்க எளிய வழி உண்டு. முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கப்பிக்கு எதிரே தகட்டின்மீது சிறிது களிமண்ணை ஒட்டி, கப்பியைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நசுங்கிய களிமண்ணின் தடிப்பே உண்மையான இடைவெளி. அது, இயந்திரம் அசையும் தூரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

அவசரப்படுவோர் இரண்டு தவறுகளைச் செய்கின்றனர். முதலாவது, தகட்டைப் பெரிதாக வெட்டிவிடுவது. மேலிருக்கும் குளிர்ந்த காற்றையும் கீழிருக்கும் வெப்பக் காற்றையும் பிரிப்பது அந்தத் தகடுதான். அதில் ஓட்டை விழுந்தால் விசிறி வெப்பக் காற்றையே உறிஞ்சும். இரண்டாவது, கீழே சிறிய கப்பியைப் பொருத்துவது. எடுத்துக்காட்டாக, 18 செ.மீ. கப்பி 10 செ.மீ. கப்பியைச் சுழற்றினால், இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது விசிறி 5400 முறை சுழலும். கீழ்க் கப்பியை 15 செ.மீ. ஆகக் குறைத்தால் விசிறி 4500 முறைதான் சுழலும். உரசல் தீரும், ஆனால், குளிர்ச்சி குறையும்.

அப்படியானால், சரியான வழி என்ன? முதலில் நைந்த இரப்பர்களை மாற்ற வேண்டும். அடுத்து, தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, வளைவுகளை நிமிர்த்தி, அதனைச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். பிறகு, கப்பி அந்த இயந்திரத்திற்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். இவற்றிற்குப் பின்னும் உரசினால் மட்டுமே, தகட்டின் விளிம்பைத் தேவையான அளவு மட்டும் அராவ வேண்டும். இறுதியாக, இரு கப்பிகளும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்பதைச் சரிபார்க்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், அது ஏறத்தாழ 1.5 செ.மீ. உள்வாங்க வேண்டும்.

ஓர் இயந்திரத்தில் எந்தப் பாகமும் தனித்து இயங்குவதில்லை. ஒன்றை மாற்றும் முன், அம்மாற்றம் வேறு எதனைப் பாதிக்கும் என்று சிந்திப்பவரே சிறந்த பழுதுபார்ப்பவர். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி பட்டறைக்கும் பொருந்தும்.