ஏறுவதற்கு ஹெரால்டு, இறங்குவதற்கு டிசையர்

மோட்டார் வாகனங்களின் குணதோஷங்களைப் பாரபட்சமின்றிப் பரீட்சிப்பதில், வத்தலக்குண்டிலிருந்து பழனி மலையின்மீது வளைந்து வளைந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதைக்கு நிகரானவை தமிழ்நாட்டில் சிலவே. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த இரண்டு கதவு ஹெரால்டையும், இன்று எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் காணக்கிடைக்கும் மாருதி டிசையரையும் அந்தப் பாதையில் வைத்து ஒப்பிடுவது சுவாரசியமான காரியம்.

ஹெரால்டு பந்தயக் கார் அன்று. ஆயினும் அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலிய நிபுணர் மிக்கலாட்டி என்பதும், அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கியே பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது என்பதும் அதன் வம்சத்தைச் சொல்லிவிடுகின்றன. இருபத்தைந்தடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடித்துவிடும் அந்த வண்டிக்குக் கொண்டை ஊசி வளைவு ஒரு விளையாட்டு. டிசையருக்கோ சுமார் முப்பத்தொன்றரை அடி வேண்டும். மேலும், ஏற்றத்தில் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், பின்சக்கரங்களால் உந்தப்படும் ஹெரால்டுக்குப் பிடிமானம் கூடுகிறது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் புதிய வண்டிக்கு அந்த அனுகூலம் இல்லை.

ஆனால் ஏழாயிரம் அடி உயரத்தை நெருங்க நெருங்கக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எந்த எஞ்சினும் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும்போது, 948 சி.சி. எஞ்சினிடம் மிச்சமிருப்பது சொற்பமே. டிசையரின் 1,197 சி.சி. எஞ்சின் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது; ஹெரால்டின் கார்புரேட்டரோ சமவெளியின் ஞாபகத்திலேயே ஊற்றிக் கரும்புகை கக்குகிறது. ரேடியேட்டர் கொதித்துவிட்டால் வெள்ளி நீர்வீழ்ச்சியருகே நிறுத்தி, முன்பக்கம் முழுவதையும் பானெட்டோடு முன்னால் கவிழ்த்துத் திறந்து, முன்சக்கரத்தின்மீதே உட்கார்ந்துகொண்டு பழுது பார்க்கலாம். இந்த சௌகரியத்தை எந்தப் புதிய வண்டியும் தருவதாகத் தெரியவில்லை. அதற்கு அவசியம் நேர்வதுமில்லை என்பது வேறு விஷயம்.

இறக்கந்தான் ஹெரால்டின் குறையை அம்பலப்படுத்துகிறது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற டிரைவர்களின் விதியை மறந்து ஓயாமல் பிரேக்கை மிதித்தால், டிரம்கள் சூடேறிப் பிடிப்பு தளர்கிறது; வளைவின் நடுவே திடீரென்று வேகத்தைக் குறைத்தாலோ, தனித்தனியே ஊசலாடும் பின்சக்கரங்கள் உட்பக்கம் மடங்கி வண்டியின் பின்புறத்தை வழுக்கவிடக்கூடும். முன்னே டிஸ்க் பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் கொண்ட டிசையருக்கு இந்தச் சங்கடங்கள் வெகு குறைவு. முன்இருக்கையை மடித்தாலன்றிப் பாட்டியைப் பின்னால் ஏற்றவோ இறக்கவோ முடியாத வண்டியை, மாலைப் பனிமூட்டத்தில் குடும்பத்தோடு கீழே ஓட்டிவரச் சொன்னால், நான் டிசையரின் சாவியைத்தான் கேட்பேன்.