அரங்கத்துக்குள் எடுத்த படம் ஏன் கலங்குகிறது?

குருவிநத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயிலில் வாலிபால் ஆட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எகிறிப் பந்தை அடிக்கிறார். நீங்கள் காமிராவைத் தட்டுகிறீர்கள். பந்து, விரல், காலடியில் எழும் புழுதி எல்லாமே தெளிவாக விழுகின்றன. மறுவாரம் அதே குழு புதுச்சேரி உப்பளத்தில் உள்ள இராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கத்தில் ஆடுகிறது. அதே காமிரா, அதே ஆள், அதே அடி. படத்திலோ கை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை போல ஏதோ தெரிகிறது. பந்தையே காணோம்! அரங்கத்தில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தனவே, பிறகு ஏன் இப்படி?

பளிச்சென்று தெரிந்தது நம் கண்ணுக்குத்தான். வெளிச்சம் குறைந்தால் கண்பாவை விரிந்துகொள்ளும், விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். அதனால் குறைவு நமக்குத் தெரிவதில்லை. அளந்து பார்த்தால் உண்மை விளங்கும். உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அரங்கத்தின் ஆடுகளத்தில் 1,000 லக்ஸ் இருந்தாலே அது நல்ல வெளிச்சம். நூறில் ஒரு பங்குதான்!

வெயிலில் படம் எடுப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. பிலிமின் வேகம் 100 என்றால், லென்ஸின் துளை எஃப் 16, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 விநாடி. அரங்கத்தில் வெளிச்சம் நூறு மடங்கு குறைவு. ஆகவே ஷட்டர் ஒரு முழு விநாடி திறந்திருக்க வேண்டும். அதற்குள் எகிறியவர் தரைக்கே வந்து சேர்ந்துவிடுவாரே!

என்ன செய்யலாம்? முதலில் துளையை அகலமாக்கலாம். எஃப் 16-க்குப் பதில் எஃப் 2.8 வைத்தால் சுமார் 32 மடங்கு ஒளி உள்ளே வரும். நேரம் 1/32 விநாடியாகக் குறையும். ஆனால் 200 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட லென்ஸுக்கு எஃப் 2.8 என்றால் துளை மட்டும் 7 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். பத்திரிகைப் படக்காரர்கள் பருத்த லென்ஸைச் சுமந்து திரிவது பகட்டுக்காக அன்று! இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த லென்ஸில் 10 மீட்டர் தொலைவில் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 40 செ.மீ. அளவுக்குத்தான் தெளிவு கிடைக்கும். ஆட்டக்காரர் ஓரடி முன்னே வந்தாலும் முகம் மங்கிவிடும்.

அடுத்து, உணர்திறனை 100-லிருந்து 1600-க்கு உயர்த்தலாம். அது 16 மடங்கு. இப்போது நேரம் ஏறக்குறைய 1/500 விநாடி. பிலிம் காலத்தில் 400 வேகப் பிலிமை 1600 என்று கருதிப் படம் எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் போடுவார்கள். இன்றைய டிஜிட்டல் காமிராவில் ஒரு பொத்தான் போதும். ஆனால் படம் மணல் தூவியது போலப் பொரிபொரியாக இருக்கும்.

இது ஏன்? முற்றத்தில் பத்துத் தம்ளர்களை வரிசையாக வையுங்கள். அடைமழை பெய்தால் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் சேரும். நாலு தூற்றல் போட்டு நின்றுவிட்டாலோ ஒன்றில் 9 துளி, அடுத்ததில் 14, இன்னொன்றில் 6 என்று தாறுமாறாக விழுந்திருக்கும். ஒளியும் போட்டான் என்னும் துளிகளாகவே வருகிறது. காமிராவின் உணரியில் உள்ள இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு தம்ளர்களில் அவை விழுகின்றன. சராசரி 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது நூற்றுக்கு 1. சராசரி 100 மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது நூற்றுக்கு 10. பொத்தானை அழுத்துவதால் தூற்றல் மழையாகிவிடாது. தூற்றலைப் பெருக்கிக் காட்டுகிறோம், அவ்வளவே.

1/500 விநாடியாவது போதுமா? 2025 மார்ச்சில் சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கத்தில் சரத் கமல் தமது கடைசி டேபிள் டென்னிஸ் போட்டித் தொடரை ஆடினார். அந்தப் பந்தின் குறுக்களவு 4 செ.மீ. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறந்தால் அது 1/500 விநாடியில் 4 செ.மீ. நகரும். படத்தில் பந்து முட்டையாகிவிடும். பாட்மின்டன் இறகுப்பந்து இன்னும் பொல்லாதது. 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த சாதனை அடியின் வேகம் மணிக்கு 565 கி.மீ. மட்டையை விட்டுப் புறப்படும் அந்த வேகத்தில் 1/500 விநாடியில் 31 செ.மீ. போய்விடும்!

"பிளாஷ் போட்டால் தீராதா?" என்று கேட்பீர்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து போடும் பிளாஷால் பயன் இல்லை. 3 மீட்டரில் உள்ளவர்மேல் விழும் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் 30 மீட்டரில் உள்ளவர்மேல் விழும். அருகில் நின்று போடலாமே என்றால் அது ஆபத்து. டேபிள் டென்னிஸ் மேசையின் நீளம் 2.74 மீட்டர். விநாடிக்கு 20 மீட்டர் வேகப் பந்து அதைக் கடக்க 0.14 விநாடி போதும். அந்த நொடியில் கண் கூசினால் ஆட்டம் போயிற்று. கம்பியில் சுழலும் ஜிம்னாஸ்டிக் வீரருக்கோ எலும்பே முறியலாம். ஆகவே இத்தகைய அரங்கங்களில் பிளாஷ் கூடாது என்பது கண்டிப்பு.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதைத் தருவது புவியீர்ப்பு. ஒருவர் 50 செ.மீ. உயரம் எகிறினால் 0.64 விநாடி காற்றில் இருப்பார். உச்சியிலுள்ள கடைசி 5 செ.மீ.க்குள் மட்டும் 0.2 விநாடி கழிக்கிறார். மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அப்போது மேலும் கீழுமான அவரது வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டாது. உச்சியில் தட்டினால் 1/100 விநாடியிலும் உடல் 1 செ.மீ.க்கு மேல் எழவோ இறங்கவோ செய்யாது. அடிக்கும் கை மட்டும் சற்றுக் கலங்கும். அதுவும் அழகுதான் என்பது என் கருத்து.

விளக்குகளிலும் ஒரு சூது உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆகவே பழைய குழல் விளக்குகளும் உலோக ஆவி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. 1/500 விநாடிப் படம் ஒரு துடிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது இருண்டும் வருவது இதனால்தான். அருகருகே உள்ள விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளில் இணைத்தால் எல்லாம் ஒரே சமயத்தில் மங்காது. நல்ல மின்சுற்று உள்ள எல்.இ.டி. விளக்குகளில் இந்தத் தொல்லையே இராது.

இதை நீங்களே சோதிக்கலாம். இரவில், பழைய சோக்கு உள்ள குழல் விளக்கின் கீழ், கறுப்புத் துணிக்கு முன்னால், பளபளப்பான சைக்கிள் கம்பி ஒன்றை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். ஒரே பட்டையாகத் தெரியாமல் தனித்தனிக் கம்பிகளாகத் தெரிந்தால் அந்த விளக்கு துடிக்கிறது. அங்கே ஷட்டரை 1/100 விநாடியில் வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடும். பிறகு எகிறுபவர் உச்சிக்கு வரும்வரை காத்திருங்கள்.