மலரின் உள்ளே ஓர் உலகம்

மலர் இன்றித் தமிழர் வாழ்வில் நிகழ்ச்சி எதுவும் இல்லை எனலாம். பூசைக்கும் மணவினைக்கும் மலர் வேண்டும். பெரியோரை வரவேற்கவும் மறைந்தோரை வணங்கவும் மலர் வேண்டும். சங்கப் புலவராகிய கபிலர் தமது குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறியுள்ளார். அரும்பு, மொட்டு, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிப் பெயர் சூட்டிய மொழி எமது மொழியாகும்.

எனினும், எந்தச் செடியும் எமக்காகப் பூப்பதில்லை. தன் இனத்தைப் பெருக்குவதற்காகவே அது பூக்கின்றது. அத்தொழிலை மலரின் எவ்வெவ்வுறுப்புகள் எவ்வாறு செய்கின்றன என்பதை, ஒனிஹங்காவிலும் ஒக்லாந்தின் பிற பகுதிகளிலும் நாம் அன்றாடம் காணும் பூக்களைக் கொண்டே இங்கு நோக்குவோம்.

நான்கு வட்டங்கள்

மலரின் அமைப்பைக் கற்பதற்கு ஒற்றை அடுக்குச் செவ்வரத்தம்பூ மிகவும் ஏற்றது. மாணவர்கள் பெற்றோரின் துணையுடன் அதனை நெடுக்காகப் பிளந்து பார்க்கலாம்.

வெளிப்புறத்தில் பச்சை நிறமாக உள்ளது புல்லி வட்டம். மொட்டாக இருக்கும்போது பூவைப் பொதிந்து காப்பது இதன் தொழில். அதற்கு உள்ளே ஐந்து இதழ்களைக் கொண்ட அல்லி வட்டம் உள்ளது. தேனீயையும் பறவையையும் நிறத்தால் அழைப்பது இதுவே.

மூன்றாவது வட்டம் ஆணகம். இது கேசரங்களால் ஆனது. ஒவ்வொரு கேசரத்திலும் ஓர் இழையும், அதன் நுனியில் மகரந்தக்கூடும் உண்டு. செவ்வரத்தையில் இழைகள் பலவும் அடியில் ஒன்றிணைந்து ஒரு குழாயாகி நிற்கின்றன. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் நிறத் தூளே மகரந்தம்.

நடுவில் அமைந்திருப்பது பெண்ணகம். இதன் உச்சியில் மகரந்தத்தை ஏற்கும் குறியும், அதனைத் தாங்கும் தம்பமும், அடியில் சூலகமும் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குறியைச் சூல்முடி என்றும் தம்பத்தைச் சூல்தண்டு என்றும் வழங்கும். சூலகத்தின் உள்ளே சிறு மணிகள் போல் இருப்பவை சூல்வித்துகள்.

பொஹுட்டுகாவா காட்டும் புதுமை

மார்கழி மாதத்தில் ஒக்லாந்தின் கரையோரங்களைச் செந்நிறமாக்கும் பொஹுட்டுகாவாவை அறியாதார் இல்லை. ஆனால் அச்செந்நிறம் முதன்மையாக இதழ்களுக்கு உரியதன்று. அதன் இதழ்கள் மிகச் சிறியவை, எளிதில் கண்ணிற்படா. நாம் கண்டு மகிழும் செந்தூரிகை முழுவதும் கேசரங்களே. கிண்ணம் போன்ற அடிப்பகுதியில் ஊறும் தேனை அருந்த வரும் டூயிப் பறவையின் தலையில், கேசரங்களின் நுனியிலுள்ள மகரந்தம் படிந்துவிடுகின்றது. பறவை அடுத்த பூவுக்குச் செல்லும்போது அது அங்குள்ள குறியைச் சேர்கின்றது.

எமது தாயகத்து நாவல் மரமும் கொய்யா மரமும் பொஹுட்டுகாவாவின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கொய்யாப் பூவின் நடுவில் அடர்ந்திருக்கும் வெண்ணிறக் கேசரங்களை நினைவிற்கொண்டால் இவ்வுறவு எளிதில் விளங்கும்.

பூ கனியாவது எவ்வாறு?

மகரந்தம் குறியை அடைவதே மகரந்தச் சேர்க்கை எனப்படும். குறியில் ஒட்டிய மகரந்தமணி முளைத்து, நுண்ணிய குழாயொன்றைத் தம்பத்தின் வழியே கீழ்நோக்கிச் செலுத்துகின்றது. அக்குழாய் சூல்வித்தை அடைந்து இரு ஆண் கருக்களை அங்கே சேர்க்கின்றது. ஒன்று முட்டையுடன் இணைந்து முளையமாகின்றது. மற்றையது முளையத்துக்கு உணவாகும் இழையத்தைத் தோற்றுவிக்கின்றது. நாம் உண்ணும் தேங்காய்ப் பருப்பும் பருகும் இளநீரும் அவ்வுணவே என்றால் வியப்பாக இருக்கும்! இதன் பின் சூல்வித்து விதையாகவும் சூலகம் கனியாகவும் மாறுகின்றன.

ஆண்பூவும் பெண்பூவும்

சில தாவரங்களில் இவ்விரு பாகங்களும் வெவ்வேறு பூக்களில் உள்ளன. பூசணியும் பாகலும் இவ்வகையின. பூசணியின் ஆண்பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியிலோ சிறு பிஞ்சு ஒன்று முன்னரே காணப்படும், அதுவே சூலகம். மகரந்தம் கிட்டாவிடின் அப்பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். கண்ணாடிக் கூடாரத்தில் பாகல் வளர்ப்போருக்கு இக்குறை நன்கு தெரியும். காலையில் மலர்ந்த ஆண்பூவொன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் குறியில் மெல்லத் தடவினால் பிஞ்சு தங்கும். தேனீ செய்யும் வேலையை நாமே செய்வது இது.

கிவிப் பழத்தில் ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனியானவை. 1904 ஆம் ஆண்டு இசபெல் பிரேசர் என்னும் ஆசிரியை சீனாவிலிருந்து இதன் விதைகளை வங்கனூயி நகருக்குக் கொணர்ந்தார். 1910 ஆம் ஆண்டளவில் அவ்விதைகளிலிருந்து வந்த கொடிகள் காய்த்தன. பின்னர் ஒக்லாந்தின் அவொண்டேலில் நாற்றுப்பண்ணை நடத்திய ஹேவார்ட் ரைட் உருவாக்கிய ‘ஹேவார்ட்’ இனம் உலகெங்கும் பரவியது. அவ்வினக் கொடிகள் யாவும் பெண் கொடிகளே. ஆகவே தோட்டங்களில் அவற்றினிடையே ஆண் கொடிகளையும் நடுகின்றனர்.

தூது செல்லப் பறவை இல்லையேல்

மலரின் உறுப்புகள் யாவும் குறைவின்றி அமைந்திருந்தும், மகரந்தத்தைச் சுமக்க ஒருவர் இல்லையேல் என்ன நிகழும்? இவ்வினாவுக்கான விடை எமது அயலிலேயே கிடைத்துள்ளது.

நியூசிலாந்தின் வடதீவுக்கே உரிய டௌரெப்போ என்னும் குறுஞ்செடி குழாய் வடிவான செம்மஞ்சள் பூக்களைப் பூப்பது. மணிக்குருவி போன்ற தேனுண்ணும் பறவைகளே அதன் மகரந்தத்தைச் சுமந்தன. 1870 ஆம் ஆண்டளவில் மணிக்குருவிகள் ஒக்லாந்து நிலப்பரப்பிலிருந்து மறைந்தன. ஹௌட்டூரு முதலிய தீவுகளில் மட்டும் அவை எஞ்சின. அறிவியலாளர் இவ்விரு நிலங்களையும் ஒப்பிட்டு 2011 இல் தமது முடிவை வெளியிட்டனர். தீவுகளோடு ஒப்பிடுகையில் பெருநிலத்தில் ஒரு பூவுக்குக் கிடைத்த விதைகள் 84 விழுக்காடு குறைந்திருந்தன. முதிர்ந்த செடிகளின் செறிவு ஈரிடத்தும் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆனால் முதிர்ந்த செடி ஒவ்வொன்றுக்கும் உரிய இளஞ்செடிகளோ பெருநிலத்தில் 55 விழுக்காடு குறைவாக இருந்தன.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதிர்ந்த செடிகள் ஓங்கி நிற்பதைக் கண்டோர் காடு செழிப்பாக உள்ளது என்றே எண்ணியிருப்பர். குறை வெளிப்பட்டது இளஞ்செடிகளை எண்ணிப் பார்த்தபோதுதான். பூவுக்கு மட்டுமன்றி மொழிக்கும் இது பொருந்தும். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் தமிழ் பேசுவது போதாது. அதனைச் சுமந்து பேரப்பிள்ளைகளிடம் சேர்ப்போரும் வேண்டும்.

இழந்ததை மீட்கவும் வழி உண்டு. ஒக்லாந்துக்கு வடக்கே தாவரானுயியில் எலி முதலியவை புகாதவாறு 2004 இல் வேலி அமைக்கப்பட்ட பின், மணிக்குருவிகள் கடல் கடந்து தாமாகவே அங்கு வந்து குடியேறின.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை ஒரு பூவைக் காணும்போது அதன் நான்கு வட்டங்களையும் தமிழில் பெயர் சொல்லி எண்ணுங்கள். பின்னர் சற்றுப் பொறுத்து, அதனை நாடி வருவது யார் என்றும் பாருங்கள்.