தைமஸ் பார்க்காத குரோமியம்

ஆம்பூர் டேனரிகளில் டிரம்மிலிருந்து எடுத்த தோல்கள் நீலம் பாய்ந்து, ஈரம் சொட்டக் குவிந்து கிடக்கும். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். தரம் பிரிப்பவர் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்: உண்ணி கடித்த தடம், கத்தி பட்ட வெட்டு, அம்மைத் தழும்பு. இந்த வேலைக்குத் தொழிலில் ‘செலக்‌ஷன்’ என்றே பெயர்.

அவருடைய நெஞ்செலும்புக்குப் பின்னாலும் ஒரு செலக்‌ஷன் நடந்திருக்கிறது, இதைவிடக் கறாரானது. நடந்த இடம் தைமஸ் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கும் உறுப்பு. இதனால் என்ன பயன் என்பதே 1961-இல்தான் புரிந்தது. பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து தைமஸை அகற்றிய ஜாக் மில்லர், அவை நோயை எதிர்க்க முடியாமல் தவித்ததைக் கண்டார்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் இங்கேதான் டி செல்களாகின்றன. ஒவ்வொன்றின் ஏற்பியும் மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டதுபோல் அமைவதால், எது எதைப் பிடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் இரண்டு சோதனைகள்.

முதலாவது தைமஸின் புறப்பகுதியில். உடலின் செல்கள் புரதத் துணுக்குகளை எம்.எச்.சி. என்னும் மூலக்கூறில் ஏந்திக் காட்டும். அதை உணரவே தெரியாத செல் சில நாளில் மடிந்துவிடும். இரண்டாவது உட்பகுதியில். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் உட்பட, பல உறுப்புகளுக்கே உரிய புரதங்களைத் தைமஸ் தானே தயாரித்துக் காட்டும். அவற்றை இறுகப் பற்றும் செல், சொந்த உடலையே தாக்கக்கூடியது. பெரும்பாலும் அது அழிக்கப்படும். சில மட்டும் மற்றவற்றை அடக்கும் செல்களாக மாறும். கடைசியில் தேறுவது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இல்லை.

இந்தச் சோதனையில் குரோமியம் இல்லை.

டேனரியில் தோலைப் பதப்படுத்தப் பயன்படும் மூன்றிணைதிற குரோமியம் மனிதச் சருமத்துக்குள் எளிதில் நுழையாது. சில சூழல்களில் அது ஆறிணைதிறமாக மாறினால் உள்ளே ஊடுருவி, உடலின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புதுக் கோலத்தைத் தைமஸ் ஒருநாளும் காட்டியதில்லை. முறையாகத் தேறிவந்த டி செல்லே அதை அந்நியமாகக் கருதித் தாக்குகிறது. கை சிவந்து, அரித்து, வெடித்து நீர் வடிகிறது. சிமென்ட் குழைக்கும் கொத்தனார்களுக்கும் இதே தொல்லை உண்டு.

தோல் மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. 0.5 சதவீத பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த வாசலினை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார். ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார். டி செல்கள் அங்கே திரண்டு வர அவ்வளவு நேரம் பிடிக்கும்.

சருமத்தில் படும் தோல் பொருள்களின் ஒவ்வொரு கிலோ தோலிலும் ஆறிணைதிற குரோமியம் 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் கட்டுப்படுத்துகிறது. அங்கே ஷூ அணிபவரின் காலுக்கு அந்தக் காப்பு இருக்கிறது. இங்கே டிரம் அருகே நிற்பவரின் உடலிலோ, ஒருமுறை குரோமியத்தை நினைவில் பதித்த டி செல் பல ஆண்டுகள் தங்கிவிடும். கிழியாத கையுறை அவருக்கு வேலையின் முதல் நாளே கிடைத்தாக வேண்டும்.