தள்ளுவண்டியா, தானே ஓடும் வண்டியா?

திரேஸ்புரத்தில் வள்ளங்கள் கரை சேரும் நேரத்தில் கடற்கரையோரம் நின்று பார்த்தால், ஐஸ் பெட்டி, டீசல் கேன், அரிசிச் சிப்பம், வெங்காய மூட்டை என்று எல்லாமே ஏதோ ஒரு வண்டியில் ஏறி இறங்குவதைக் காணலாம். மொத்தக் கடையிலிருந்து குட்டியானையில் வரும் சரக்கு பெரிய தெருவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சந்துக்குள் இருக்கும் கடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. தள்ளுவண்டிக்கு ஆள் கிடைப்பது குறைந்துவிட்டது, இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. “பாட்டரி வண்டி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா?” என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பதே நமது கருத்து.

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிடுவோம். காற்றடைத்த டயர் போட்ட தள்ளுவண்டியில் 300 கிலோ ஏற்றினாலும், சமமான தார்ச்சாலையில் ஒரே ஆள் தள்ளிவிடுவார். சிரமமெல்லாம் மேட்டிலும் மணலிலும்தான். வண்டியும் சரக்கும் சேர்ந்து 400 கிலோ என்றால், 20 அடிக்கு ஓர் அடி உயரும் மேட்டில் கூடுதலாக 20 கிலோ விசை கொடுத்துத் தள்ள வேண்டும். கடற்கரை மணலில் சக்கரம் புதைந்தால் இரண்டு ஆள் போதாது. மோட்டார் வண்டி மேட்டில் இந்தப் பாரத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. காலையில் இரண்டு நடை போன இடத்தில் ஐந்து நடை போகலாம். வண்டிக்காரருடைய முதுகும் தப்பிக்கும். ஆனால் மணலில் சிக்கினால் இதன் எடையே இதற்குப் பகையாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனிப் பாட்டரிக்கு வருவோம். விலை குறைந்த வண்டிகளில் வருவது ஈய அமில பாட்டரி. 12 வோல்ட் பாட்டரி நான்கைச் சேர்த்து 48 வோல்ட் ஆக்குகிறார்கள். 100 ஆம்பியர் மணி அளவு என்றால் நான்கும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் கனக்கும். முழுதாகச் சார்ஜ் ஏற, வீணாவதையும் சேர்த்துச் சுமார் ஆறு யூனிட் மின்சாரம் செலவாகும். மின்சாரச் செலவைப் பார்த்து மயங்கி விடுகிறோம்; பாட்டரி தேய்மானத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தினமும் அடிமட்டம் வரை தீர்த்து ஓட்டினால் இந்த வகை பாட்டரி சீக்கிரமே சோர்ந்துவிடும். நமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவருக்கு பதினான்காம் மாதமே பாட்டரி படுத்துவிட்டது. தவணையோ இன்னும் பத்து மாதம் பாக்கி. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பழைய தள்ளுவண்டிக்காரரைத் தேடிப் போனார். லித்தியம் பாட்டரி எடை குறைவு, ஆயுளும் அதிகம். முதல்தான் கூடுதலாக வேண்டும். கையில் இருந்தால் அதற்கே போடலாம்.

நம் ஊர் உப்புக்காற்று வேறு இருக்கிறது. பாட்டரி முனைகளில் பச்சை பூத்துப் போகும். வாரம் ஒரு முறை துடைத்து வாசலின் தடவ வேண்டும். ஈய அமில பாட்டரிக்கு வடிநீர் மட்டமும் பார்க்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பாட்டரிப் பெட்டியில் இறங்கினால் கேட்கவே வேண்டாம். (மீன் ஏற்றிய வண்டியில் மளிகை ஏற்றக் கூடாது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தள்ளுவண்டி முட்டளவு தண்ணீரிலும் நகரும். மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் தண்ணீர் போனால் செலவுதான். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு காசும் வராது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2014இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இ-கார்ட் எனப்படும் சிறிய பாட்டரி வண்டியில் 310 கிலோவரைதான் ஏற்றலாம். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. 310 கிலோ என்றால் 25 கிலோ சிப்பம் பன்னிரண்டு. அதற்கு மேல் ஏற்ற வேண்டியவர்கள் பெரிய பாட்டரி லோடு ஆட்டோவைத்தான் பார்க்க வேண்டும். அது நம் சந்துகளில் திரும்புமா என்பது வேறு கேள்வி. பாட்டரி வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது நமக்கு நல்ல செய்தி. ஆனால் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். இத்தனை காலம் தள்ளிய பெரியவரிடம் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொல்ல முடியாது. இ-கார்ட் உரிமத்துக்குக் குறைந்தது 10 நாள் பயிற்சி வேண்டும்.

பழைய தள்ளுவண்டியிலேயே மோட்டார் பூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகவே வேண்டாம். சென்னையில் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் பூட்டிய மீன்பாடி வண்டிகள் பட்ட பாடு தெரிந்ததே. பதிவில்லாத வண்டிக்குக் காப்பீடு கிடையாது; யார் மீதாவது மோதினால் நஷ்ட ஈடு கடைக்காரர் தலையில் விழும்.

அப்படியானால் யார் வாங்கலாம்? சுமையின் கனத்தைவிட நடையின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒரு நடை, இரண்டு நடை சரக்கு எடுக்கும் கடைக்குத் தள்ளுவண்டிக் கூலியே மலிவு. ஆறு, ஏழு நடை இருந்தால் பாட்டரி வண்டி கட்டும். ஒரே தெருவில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்தால் அத்தனை நடையும் தானே கிடைத்துவிடும். ஆனால் வண்டி யார் பெயரில், பாட்டரிக்கு யார் எவ்வளவு ஒதுக்குவது என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நட்பு வேறு, பேரேடு வேறு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை நம் தெருவுக்கே வரவழையுங்கள். ஷோரூம் வாசலில் காலியாக ஓட்டிக் காட்டுவதை நம்ப வேண்டாம். பன்னிரண்டு சிப்பம் ஏற்றி, கடை வாசலில் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, பாரத்தோடு கையால் தள்ளிப் பாருங்கள். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.