தவறி வந்த பணம்: தொடவும் வேண்டாம், நீங்களே திருப்பி அனுப்பவும் வேண்டாம்

ஈப்போ, புந்தோங்கில் 15 வெள்ளிக்குக் கச்சாங் பூத்தே வாங்கியவர் கியூஆரை ஸ்கேன் செய்கிறார். பல வங்கிச் செயலிகளில் 1500 என்று தட்டினால்தான் 15.00 வரும். கைதவறி ஒரு சுழியம் கூடினால் 150 வெள்ளி போய்விடும். கைப்பேசி எண்ணுக்கு அனுப்பும்போது ஓர் இலக்கம் மாறினால், முன்பின் தெரியாதவர் கணக்கில் பணம் விழும். அந்தக் கணக்கு நம்முடையதாக இருந்தால் என்ன செய்வது?

மலேசியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி, தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும். பணம் வந்து விழுவது குற்றமல்ல. நம்முடையதல்ல என்று தெரிந்தும் நேர்மையின்றி எடுத்துச் செலவழித்தால், தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு பாயலாம்: 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அதோடு அபராதமும் உண்டு.

2021 மே மாதம், மெல்பர்னில் ஒரு பெண்ணுக்கு கிரிப்டோ.காம் நிறுவனம் 100 ஆஸ்திரேலிய டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. தொகை எழுத வேண்டிய கட்டத்தில் கணக்கு எண்ணை எழுதிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தது 10.4 மில்லியன் டாலருக்கு மேல். தவறு டிசம்பரில்தான் தெரிந்தது. அந்தப் பணத்தில் 1.35 மில்லியனுக்கு வாங்கிய வீடு, மலேசியாவில் இருந்த சகோதரியின் பெயருக்குப் போயிருந்தது. வீட்டை விற்க நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்ற வழக்கும் நடந்தது.

“பெரிய கம்பெனி பணம்தானே”, “கஷ்டத்துக்குக் கடவுள் கொடுத்தது” என்று மனம் சொல்லும். தோட்டத்தில் சம்பள நாளன்று பக்கத்து வீட்டுக்காரர் சம்பளம் நம் கைக்கு மாறி வந்திருந்தால், அவர் வீட்டு அரிசி நம்மிடம் இருக்கிறது என்று உடனே புரிந்திருக்கும். இன்று உரியவர் முகம் தெரிவதில்லை. ஆனால் அது யாரோ ஒருவரின் வாடகையாகவோ மருந்துச் செலவாகவோ இருக்கலாம். முகம் தெரியாததால் நம் கடமை குறைந்துவிடாது.

ஆனால் அவசரப்பட்டு நீங்களே திருப்பி அனுப்பாதீர்கள். “தவறி அனுப்பிட்டேன்க்கா, இந்தக் கணக்குக்குப் போடுங்க” என்று அழைப்பவர் மோசடிக்காரராக இருக்கலாம். அடுத்தவரை ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகக் கைமாறிவிடும். கேட்காமலே பணம் போட்டு, பிறகு வட்டி கேட்டு மிரட்டும் ஆலோங்குகளும் உண்டு. ஆகவே:

• பணத்தைத் தொடாதீர்கள்.
• உங்கள் வங்கியிடம் சொல்லி, புகார் எண் வாங்குங்கள்.
• வங்கி வழியாகவே பணம் திரும்பட்டும்.
• மிரட்டல் வந்தால் போலீஸ் புகார் செய்யுங்கள். மோசடியில் உங்கள் பணம் போயிருந்தால் உடனே 997ஐ அழையுங்கள்.
• தெரியாமல் செலவாகியிருந்தால் மறைக்காமல் சொல்லித் தவணை கேளுங்கள்.

அனுப்புபவருக்கும் பொறுப்பு உண்டு. டூயிட்நவ்வில் உறுதிசெய்யும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அதை நிதானமாகப் படியுங்கள். தவறிவிட்டால் அன்றே வங்கியிடம் சொல்லுங்கள். நாள் தள்ளத் தள்ள மீட்பது கடினமாகும்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெற்றோர் பலரின் வங்கிக் கணக்கைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கில் கூடுதலாக ஏதேனும் வந்தால் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வங்கிக்குப் போங்கள். அவர்கள் பெயரில் உள்ள கணக்குக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.