மண்ணுக்குள் ஒரு மிஸ்டு கால்!

'செடிக்கு ஹார்மோன் கொடுத்தா என்ன ஆகும்?'னு கேட்டா, 'கிடுகிடுனு வளரும்'னு பட்டுனு சொல்லிடுவோம். ஆனா, மண்ணுக்குள்ள ஹார்மோனைச் செலுத்தி எதிரியை முளைக்க வெச்சு, அதாலேயே மக்காச்சோளத்தைக் காப்பாத்தின கதை தெரியுமா? அதுல நம்ம நாட்டு மாணவர் ஒருத்தருக்கும் செம ரோல்!

1956, அமெரிக்காவின் வட கரோலினா. மக்காச்சோளப் பயிர், வறட்சி அடிச்ச மாதிரி வாடிக் குட்டையாகிக் கிடந்தது. அந்த வயலைப் பார்க்கப் போன, இந்தியாவிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவர், அங்கே இருந்த களையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுபிடிச்சுட்டார். அது ஸ்ட்ரைகா! நம்ம ஊர்ல பேரு சுடுமல்லி. சோளத்துக்கும் கரும்புக்கும் பழைய எதிரி.

வேரில் ஒட்டும் வில்லி

பார்க்க அழகான குட்டிப் பூச்செடி. ஆனா, மண்ணுக்குள்ள பயிரோட வேரில் ஒட்டிக்கிட்டு தண்ணியையும் சத்தையும் உறிஞ்சிடும். அது வெளியே தலைகாட்டும்போதே சேதம் நடந்திருக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளைப் போடும். தூசி மாதிரி இருக்கும் அந்த விதைகள், பத்து வருஷத்துக்கு மேலகூட மண்ணுக்குள்ள உயிரோட காத்திருக்கும்.

ஆனா, வில்லிக்கும் ஒரு வீக் பாயின்ட் உண்டே! விதைக்குள்ள இருக்கிற சாப்பாடு ரொம்பக் கொஞ்சம். முளைச்ச சில நாளுக்குள்ள ஒரு வேரைப் பிடிக்கலைனா பட்டினிதான், சாவுதான். அதனால, பக்கத்துல வேர் இருக்குனு தெரிஞ்சாதான் முளைக்கும். அந்தத் தகவலைச் சொல்றது, வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோன்.

எதிரிக்கு மக்காச்சோளமே ஏன் தகவல் கொடுக்குது? அது நண்பனுக்குப் போட்ட கால்! மண்ணிலிருந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சையை அழைக்கத்தான் அந்தக் கசிவுனு 2005-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் காட்டினாங்க. சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்டு வந்துடுது!

ஏமாந்து முளைத்தால்...

சரி, பயிரே இல்லாத நேரத்துல போலியா ஒரு அழைப்பு போனா? அமெரிக்க விஞ்ஞானிகள் பிடிச்சது இந்த ஐடியாவைத்தான். வாழைக்காயைப் பழுக்க வைக்குமே எத்திலீன், அந்த ஹார்மோன் வாயுவை டிராக்டர்ல மாட்டின கருவி மூலமா மண்ணுக்குள்ள செலுத்தினாங்க. விதைகள் முழிச்சுக்கிட்டு முளைச்சுது. பிடிக்க வேர் இல்லை. கதை முடிஞ்சது! இதுக்கு 'தற்கொலை முளைப்பு'னே பேரு. களைக்கொல்லி, தனிமைப்படுத்தல் கட்டுப்பாடுகளும் சேர்ந்துக்க, 4 லட்சம் ஏக்கருக்கு மேல பரவியிருந்த சுடுமல்லி, 99 சதவிகித நிலத்துல ஒழிக்கப்பட்டது.

ஆனா, சுடுமல்லியால அதிகம் அழறது ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிகள். கேஸ் சிலிண்டருக்கும் டிராக்டருக்கும் அவங்க எங்கே போவாங்க? அங்கே வழி காட்டியது இன்னொரு செடி. கென்யாவில் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடியை வளர்க்கிறாங்க. அதோட வேர்க் கசிவு சுடுமல்லி விதையை முளைக்க வெச்சு, பயிரோட வேரில் ஒட்டவிடாம தடுத்துடும். மாட்டுக்குத் தீவனமும் ரெடி!

அடுத்த தடவை ஃபீல்டு விசிட்டுக்கு கட் அடிக்கத் தோணுச்சுனா, 1956-ல் வயலுக்குப் போன அந்த மாணவரைக் கொஞ்சம் நினைச்சுக்கங்க. லேபைவிட்டு வெளியே வந்த ஒரு ஜோடிக் கண்கள்தான் அந்தக் களையைக் காட்டிக் கொடுத்துச்சு!